மை கொட்டிய குறியீடும் நேர்கோட்டுக் கணக்கும்

தேன்கனிக்கோட்டைப் பக்கத்து அரசுப் பள்ளியில் கணிதம் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஒன்பதாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தின் 'இணையச் செயல்பாடு' பகுதியில் உள்ள கியூஆர் குறியீட்டின்மேல் ஒரு மாணவி பேனா மையைச் சிந்திவிட்டாள். ஒரு பகுதி கறுத்தே போய்விட்டது. ஆனாலும் கைபேசியைக் காட்டியதும் ஜியோஜீப்ரா பக்கம் திறந்துகொண்டது. அழிந்துபோன தகவல் கைபேசிக்கு எப்படித் தெரிந்தது?"

விடை அவர் கையில் இருக்கும் அதே புத்தகத்தில் இருக்கிறது என்பதுதான் இந்தக் கேள்வியின் அழகு.

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 2018 முதல் இந்தக் குறியீடுகள் இடம்பெற்று வருகின்றன. குறியீட்டுக்குள் இருப்பது பெரும்பாலும் ஓர் இணைய முகவரி மட்டுமே. அதைத் திறந்தால் காணொலியோ, முக்கோணத்தின் முனையைப் பிடித்து இழுத்துப் பார்க்கும் ஜியோஜீப்ரா பக்கமோ வரும். ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனம் வாகன உதிரிபாகங்களைக் கண்காணிப்பதற்காக 1994-இல் உருவாக்கிய முறை இது. கறுப்பு 1, வெள்ளை 0. எட்டுக் கட்டங்கள் சேர்ந்தால் 0 முதல் 255 வரையிலான ஓர் எண். மூன்று மூலைகளில் உள்ள பெரிய சதுரங்கள் குறியீடு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைக் கைபேசிக்குக் காட்டும். இவ்வளவும் பலருக்குத் தெரிந்ததே. மைக்கறையை வெல்லும் வித்தை வேறு.

நான் உங்களுக்கு 3, 5 என்ற இரண்டு எண்களை அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வழியில் ஒன்று அழிந்தால் போனது போனதுதான். அதனால் அந்த எண்களை வரைபடத்தாளில் புள்ளிகளாக்குகிறேன்: (1, 3), (2, 5). இரு புள்ளிகள் வழியாக ஒரே ஒரு நேர்கோடுதான் செல்லும். இங்கே அது y = 2x + 1. அதே கோட்டை நீட்டி x = 3, 4 ஆகிய இடங்களிலும் மதிப்பு காண்கிறேன்: 7, 9. இப்போது நான் அனுப்புவது 3, 5, 7, 9.

இவற்றில் எந்த இரண்டு அழிந்தாலும் கவலையில்லை. மிஞ்சிய இரண்டு புள்ளிகளை அளவுகோலால் இணைத்தால் அதே கோடு கிடைக்கும். தொலைந்த எண்களை அதிலிருந்து படித்துக்கொள்ளலாம்.

அழியாமல், தவறாக மாறிவிட்டால்? 3, 5, 8, 9 என்று வந்து சேர்ந்தது. எது தவறு என்று யாரும் சொல்லவில்லை. நான்கையும் குறித்துப் பாருங்கள். மூன்று புள்ளிகள் ஒரே கோட்டில் அமர்கின்றன, ஒன்று மட்டும் விலகி நிற்கிறது. வேறு எந்தக் கோட்டை வரைந்தாலும் அதில் இரண்டு புள்ளிகளுக்கு மேல் அமரா. ஆகவே குற்றவாளி 8 என்பதும், அந்த இடத்துக்குரியது 7 என்பதும் ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்துவிடுகிறது. கூடுதலாக அனுப்பிய இரண்டு எண்கள் ஒரு பிழையைத் திருத்தும். இரு பிழைகளைத் திருத்த நான்கு தேவை.

இர்விங் ரீட், குஸ்தாவ் சாலமன் என்ற இருவர் 1960-இல் வெளியிட்ட கருத்தின் சாரம் இதுதான். அனுப்ப வேண்டிய எண்கள் அதிகமானால் நேர்கோட்டுக்குப் பதில் உயர்படிப் பல்லுறுப்புக் கோவை வரும். கியூஆர் குறியீட்டில் கூடுதல் எண்களைக் கண்டுபிடிக்கும் வழியும் பள்ளிக் கணக்கே: தகவலை ஒரு பல்லுறுப்புக் கோவையாக எழுதி, குறிப்பிட்ட இன்னொரு கோவையால் வகுத்தால் வரும் மீதிதான் அந்தக் கூடுதல் எண்கள். ஒன்பதாம் வகுப்பில் நீள்வகுத்தல் போடும் பிள்ளைகள் "இது எதற்கு, டீச்சர்?" என்று கேட்டால் புத்தகத்தின் அந்தக் கறுப்புக் கட்டத்தையே காட்டலாம்.

எவ்வளவு சேதம் தாங்கும் என்பதை அச்சிடுவோரே தேர்ந்தெடுக்கலாம். நான்கு நிலைகள் உண்டு: தகவலில் சுமார் 7, 15, 25, 30 விழுக்காடு கெட்டாலும் மீட்கலாம். ஒரு மைப்பொட்டு அடுத்தடுத்த எட்டுக் கட்டங்களை மூடினாலும், அவை ஒரே எண்ணைச் சேர்ந்தவையாக இருந்தால் ஒரு பிழையாகவே கணக்கு. ஆனால் மூலைச் சதுரங்களுக்கு இந்தக் காப்பு கிடையாது. கறை அங்கே விழுந்தால் குறியீடு இருப்பதையே கைபேசி கண்டுகொள்ளாமல் போகலாம்.

இந்த வகுத்தலில் பின்னம் வந்து தொல்லை தராதா? தராது. கணக்கு முழுவதும் 256 எண்கள் மட்டுமே உள்ள ஓர் அமைப்புக்குள் நடக்கிறது. பூச்சியத்தால் வகுப்பது நீங்கலாக, எதைச் செய்தாலும் விடை அதற்குள்ளேயே விழும். இத்தகைய எண் அமைப்புகளை ஆராய்ந்தவர் எவரிஸ்ட் கால்வா. 1832-இல், இருபது வயதில், துப்பாக்கிச் சண்டையில் இறந்துபோன பிரெஞ்சு இளைஞர். அவர் காலத்தில் இதற்கு எந்தப் பயனும் இல்லை. "இந்த ஆய்வால் என்ன லாபம்?" என்று கேட்டுத் தூய கணிதத்துக்கு நிதி மறுப்பவர்களை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. குறுந்தட்டின் கீறலையும் தாண்டிப் பாட்டு ஒலித்ததும், 1986-இல் யுரேனஸிலிருந்து வாயேஜர் 2 விண்கலம் அனுப்பிய படங்கள் பிழையின்றி வந்ததும் இந்தக் கணக்கின் தயவால்தான்.

குறியீட்டைப் படிக்கக் கைபேசிக்கு இணையம் தேவையில்லை. அதன் பின்னால் உள்ள பாடத்தைத் திறக்கத்தான் தேவை. அஞ்செட்டி, சித்தேரி மலைப் பக்கங்களில் சிக்னலைத் தேடி மேட்டில் ஏறி நிற்கும் ஆசிரியர்களுக்கு இந்த வேறுபாடு நன்றாகவே புரியும். வகுப்பறைக்குத் திரை வாங்கும் செலவோடு, அந்த ஊர்களுக்கு நம்பகமான இணைப்புத் தரும் செலவையும் சேர்த்தே திட்டமிட வேண்டும். அதுவரை, தருமபுரிக்கோ ஓசூருக்கோ வரும்போது திக்‌ஷா என்ற அரசுக் கல்விச் செயலியில் பாடங்களைப் பதிவிறக்கி வைத்துக்கொண்டால் இணைப்பு இல்லாமலும் ஓட்டலாம்.

வகுப்பில் செய்து பார்க்க வரைபடத்தாள் போதும். ஒரு மாணவர் ஏதேனும் ஒரு நேர்கோட்டிலிருந்து ஆறு எண்களை எடுத்து, இரண்டை இரகசியமாக மாற்றிவிட்டுக் கரும்பலகையில் எழுதட்டும். மற்றவர்கள் நான்கு புள்ளிகள் அமரும் கோட்டைத் தேடட்டும். பிறகு மூன்றை மாற்றச் சொல்லுங்கள். சில நேரம் வகுப்பு இரண்டு கட்சிகளாகப் பிரிந்து வெவ்வேறு கோடுகளுக்காக வாதாடும். இருவர் கோட்டிலும் மும்மூன்று புள்ளிகள் இருக்கும்.