மேகசினைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி காலி ஆகிவிடாது

போன வாரம் இன்னொரு வீட்டுச் சுவரில் ஓட்டை. டெக்சாஸில் நம் ஆட்கள் நிறையப் பேர் வசிக்கும் ஒரு புறநகர், புதிதாக வாங்கிய கிளாக் 19 கைத்துப்பாக்கி, அதை ஒருவர் வீடியோ பார்த்துக்கொண்டே சுத்தம் செய்ய உட்கார்ந்திருக்கிறார், குண்டு சுவரைத் துளைத்து அடுத்த அறைக்குள் போய்விட்டது. அந்த அறையில் வழக்கமாகப் படிக்கும் குழந்தை அன்று வீட்டில் இல்லை. அதற்கப்புறம்தான் என் பாதுகாப்பு வகுப்புக்கு வந்தார், வந்ததும் சொன்னது: "அண்ணா, மேகசினைக் கழட்டிட்டேனே!"

இதே வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு எனக்குக் கோபமும் பயமும் சேர்ந்தே வருகிறது. தயவுசெய்து ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். மேகசின் என்பது கைப்பிடிக்குள் செருகும் குண்டுப்பெட்டி, அதில் இருப்பவை வரிசையில் நிற்கும் குண்டுகள். அடுத்து வெடிக்கப்போகும் குண்டு அங்கே இல்லை, அது ஏற்கெனவே மேலேறிக் குழலின் பின்முனையில், சேம்பருக்குள் இருக்கிறது. மேகசினை உருவினால் அதற்கு அடுத்த குண்டு வராது, அவ்வளவுதான். உள்ளே இருப்பது உள்ளேயே இருக்கும், டிரிகரை அழுத்தினால் கிளாக்கில் அது கட்டாயம் வெடிக்கும். மேகசின் இல்லாவிட்டால் சுடாதபடி தயாரிக்கப்பட்ட மாடல்களும் உண்டு. உங்களுடையது அந்த ரகம் என்றாலும் அதை நம்பி விரலை வைக்காதீர்கள்.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. சிலர், துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடை முதலில் இழுத்துவிட்டு, அப்புறம் மேகசினை எடுக்கிறார்கள். ஸ்லைடை இழுத்ததும் ஒரு குண்டு துள்ளி வெளியே விழுகிறது, அதைக் கண்ணால் பார்த்ததில் நிம்மதி வந்துவிடுகிறது. ஆனால் ஸ்லைடு முன்னே திரும்பும்போது மேகசினிலிருந்து இன்னொரு குண்டைச் சேம்பருக்குள் தள்ளிவிட்டுத்தான் போகிறது. இப்போது மேகசினை உருவி மேசையில் வைத்துவிட்டு, வெளியே விழுந்த குண்டையும் பக்கத்தில் வைத்துவிட்டு, காலி என்று முழு மனதோடு நம்புகிறார்கள். மேகசின் முதலில், ஸ்லைடு அடுத்து. இந்த வரிசை மாறவே கூடாது. அப்புறம் ஸ்லைடைப் பின்னால் பூட்டி நிறுத்தி, சேம்பருக்குள் கண்ணால் பாருங்கள், சுண்டுவிரலை விட்டுத் தடவியும் பாருங்கள். இத்தனை நேரமும் குழல் யாரும் இல்லாத திசையைப் பார்த்து இருக்கவேண்டும், டிரிகர் பக்கம் விரல் போகக் கூடாது.

அனுபவசாலிக்கு இது நடக்காது என்று நினைக்க வேண்டாம். 2004-இல் ஃபுளோரிடாவில் குழந்தைகளுக்குத் துப்பாக்கிப் பாதுகாப்பு பற்றிப் பேசப்போன மத்திய போதைப்பொருள் தடுப்பு அதிகாரி ஒருவர், அவர்கள் கண்ணெதிரே தன் காலிலேயே சுட்டுக்கொண்டார்.

சரி, எதை வாங்குவது? இந்தக் கேள்விக்கு எல்லோரும் கம்பெனிப் பெயரைத்தான் எதிர்பார்க்கிறார்கள். 1982-இல் ஆஸ்திரிய ராணுவம் கிளாக் 17-ஐ ஏற்றுக்கொண்டதிலிருந்து இன்றுவரை பாலிமர் உடல் கொண்ட துப்பாக்கிகள் பரவிக்கொண்டேதான் இருக்கின்றன. பெரிய கம்பெனிகளின் 9 எம்எம் மாடல்களில் ஒரு புதியவர் உணரக்கூடிய தர வித்தியாசம் குறைவு. "பிளாஸ்டிக்தானே, உடைந்துவிடாதா, ஸ்கேனரில் தெரியாதாமே" என்றும் கேட்கிறார்கள். கைப்பிடியும் உடலும்தான் பாலிமர். ஸ்லைடும் குழலும் எஃகு, ஸ்கேனரில் பளிச்சென்று தெரியும். 2023-இல் மட்டும் அமெரிக்க விமான நிலையச் சோதனைகளில் 6,737 துப்பாக்கிகள் பிடிபட்டன, பத்தில் ஒன்பதுக்கும் மேல் குண்டு நிரப்பியவை.

கம்பெனியை விடுங்கள், உங்கள் கையைப் பாருங்கள். கடைக்காரரிடம் காலி என்று உறுதி செய்யச் சொல்லி, நீங்களும் உறுதி செய்துகொண்டு, ஸ்லைடை முழுவதும் பின்னால் இழுத்துப் பூட்ட முடிகிறதா என்று பாருங்கள். ஒருமுறை அல்ல, திரும்பத் திரும்ப, கை களைத்த பிறகும். ஸ்லைடை இழுக்க முடியாதவரால் அந்தத் துப்பாக்கியைக் காலி செய்யவும் முடியாது, எனவே அது அவருக்கான துப்பாக்கி இல்லை. வீட்டில் கணவனும் மனைவியும் தொடப்போகிறீர்கள் என்றால் இருவராலும் முடியவேண்டும். முடியவில்லை என்றால் முதலில் முறையை மாற்றிப் பாருங்கள்: மேலே ஸ்லைடை உள்ளங்கையால் இறுகப் பிடித்துக்கொண்டு, மற்ற கையால் கைப்பிடியை முன்னே தள்ள வேண்டும். பாதிப் பேருக்கு இதிலேயே வந்துவிடும்.

"அவங்களுக்குச் சின்னக் கை, சின்னதா ஒண்ணு குடுங்க" என்று மனைவிக்காகக் கேட்கும் கணவர்களே, கொஞ்சம் நிறுத்துங்கள். துப்பாக்கி சின்னதானால் ஸ்பிரிங் பெரும்பாலும் விறைப்பாகும், எடை குறைந்தால் சுடும்போது பின்னே தள்ளும் உதைப்பு கூடும். பழைய எஃகு 1911 ரகக் கைத்துப்பாக்கி ஒரு கிலோவுக்கு மேல், கிளாக் 19 மேகசின் இல்லாமல் சுமார் 600 கிராம், சிக் சாவர் பி365 அதைவிடவும் லேசு. உதைப்புக்குப் பயந்து மணிக்கட்டைத் தளர்த்தினால் ஸ்லைடு முழுதாகப் பின்னால் போகாமல் குண்டு சிக்கிக்கொள்ளும், புதியவருக்கு அதை எடுக்கத் தெரியாது. விரலில் வலுக் குறைவு, மூட்டுவலி என்றால் 2018-இல் வந்த ஸ்மித் அண்ட் வெஸன் .380 ஷீல்டு ஈஸி மாதிரி, இழுக்கச் சுலபமாகவே வடிவமைத்தவை இருக்கின்றன. செருப்பை அவரவர் காலில் போட்டுப் பார்த்து வாங்குவதுபோல, யார் சுடப்போகிறாரோ அவரே ரேஞ்சுக்கு, அதாவது சுட்டுப் பழகும் இடத்துக்குப் போய், வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்த்துவிட்டு வாங்கட்டும். ஆட்காட்டி விரலின் நுனிச்சதை டிரிகரின் நடுவில் இயல்பாக உட்காரவேண்டும். பல மாடல்களில் கைப்பிடியின் பின்பக்கத்தை மாற்றி அளவைச் சரிசெய்யலாம், கேளுங்கள்.

சுத்தம் செய்யக் கிளாக்கைப் பிரிக்கும்போது டிரிகரை ஒருமுறை அழுத்தியாக வேண்டும். அது வடிவமைப்பே அப்படி, குறை என்று சொல்லமாட்டேன். ஆனால் சோதிக்காமல் அழுத்துகிறவர்களுக்கு விபத்து நடப்பது அந்த நொடியில்தான். பி365, ஸ்மித் அண்ட் வெஸனின் எம் அண்ட் பி போன்றவற்றை டிரிகரைத் தொடாமலே பிரிக்கலாம். புதிதாக வாங்குபவர்கள் இதையும் கணக்கில் எடுங்கள்.

பக்கவாட்டில் விரலால் தள்ளும் சேஃப்டி வேண்டுமா என்பது அடுத்தது. கிளாக்கின் மூன்று பாதுகாப்புகளும் தானாக இயங்குபவை, கீழே விழுந்தால் வெடிக்காமல் காப்பவை. உங்கள் விரலோ, சட்டை நாடாவோ டிரிகரை இழுத்தால் அவை தடுக்காது. 1980களின் இறுதியில் ரிவால்வரிலிருந்து கிளாக்குக்கு மாறிய வாஷிங்டன் டிசி போலீஸில் பத்து ஆண்டுகளில் 120-க்கும் மேற்பட்ட தவறுதலான வெடிப்புகள். போதிய பயிற்சி இல்லாததுதான் பெரிய காரணமாகச் சொல்லப்பட்டது. ஆகவே ஹோல்ஸ்டருக்கு, அதாவது துப்பாக்கி உறைக்கு, காசு பார்க்காதீர்கள், டிரிகர் முழுவதையும் மூடும் கெட்டியான ஒன்றாக இருக்கட்டும். கைப்பையில் சாவி, லிப்ஸ்டிக்கோடு துப்பாக்கியைப் போட்டு வைப்பது வேண்டவே வேண்டாம்.

விசா விஷயம். எச்-1பி, எச்-4, எஃப்-1, எல்-1 போன்ற தற்காலிக விசாக்களில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி பொதுவாகத் தடை. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு, அதை வக்கீலிடம் கேளுங்கள், வாட்ஸப் குழுவில் கேட்காதீர்கள். கிரீன் கார்டு நண்பரை உங்களுக்காக வாங்கித் தரச் சொன்னால் அவரையும் சேர்த்து மாட்டிவிடுகிறீர்கள். 2022 சட்டப்படி அதற்கு 15 ஆண்டுவரை சிறை.

வாங்கிய அன்றே பூட்டுப்பெட்டி வரவேண்டும், துப்பாக்கிக்கு முன்னாலேயே வந்தால் இன்னும் நல்லது. உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கியோடு பூட்டு ஒன்றும் தரவேண்டும் என்பது சட்டம். பெரும்பாலும் கேபிள் பூட்டு தருவார்கள். அதைப் பிரிக்காமல் அலமாரியில் போட்டுவிடுகிறீர்கள். ஸ்லைடைத் திறந்தால்தான் அந்தக் கேபிள் உள்ளே நுழையும், அதனால் பூட்டும்போதே சேம்பரையும் பார்த்துவிடுவீர்கள். டெக்சாஸில் 17 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை கையில் குண்டு போட்ட துப்பாக்கி கிடைக்கும்படி அஜாக்கிரதையாக வைத்து, பிள்ளையும் அதை எடுத்துவிட்டால் குற்றம். ஊரிலிருந்து அம்மா அப்பா ஆறு மாதம் வந்து தங்கும் வீடுகளில் இன்னும் கவனம் வேண்டும். வந்த முதல் வாரமே அம்மா எல்லா அலமாரியையும் துடைத்து அடுக்கிவிடுவார், மெத்தைக்கு அடியில், துணிக்கு நடுவில் ஒளித்து வைத்ததெல்லாம் வெளியே வரும். அவரிடம் முன்னாலேயே சொல்லுங்கள், பெட்டியையும் காட்டுங்கள், பூட்டின் எண்ணை மட்டும் சொல்லவேண்டாம். ரேஞ்சுக்குக் கொண்டுபோகும் பையை ஊருக்குப் போகும்போது எடுக்காதீர்கள், அடியில் தங்கிவிட்ட ஒரே ஒரு தோட்டா சென்னை விமான நிலையத்தில் ஆயுதச் சட்ட வழக்காகிவிடும்.