சினை நிக்காத மாடும் ரெண்டு மாசத்துக்கு முந்தின தீவனமும்

கன்னு போட்டு மூணு மாசம் ஆச்சு, பால் 15 லிட்டர் கறக்குது, ஆனா செயற்கைக் கருவூட்டல் ஊசி போட்டா சினை நிக்கல, இல்லன்னா பருவத்துக்கே வரல. கலப்பின மாடு வச்சிருக்கவங்க யார்கிட்ட பேசினாலும் இந்தப் புலம்பல் வந்துடும். உடனே பழி ஊசி போட்டவர் மேலயோ விந்து அடைச்சு வர்ற குச்சி மேலயோ போகும். அங்கயும் தப்பு நடக்கும்தான், ஆனா நிறைய கேஸ்ல விஷயம் தீவனத் தொட்டிலதான் கெட்டிருக்கு, அதுவும் இன்னிக்கு நேத்து இல்ல.

மாட்டோட சினைக்காலம் சுமாரா 280 நாள். வருஷத்துக்கு ஒரு கன்னு வேணும்னா ஈன்ன 85 நாளைக்குள்ள சினை பிடிச்சாகணும். சிக்கல் என்னன்னா மாடு ரொம்ப நொந்து கிடக்கிறதும் அந்த நாட்கள்லதான். பால் 4-8 வாரத்துலயே உச்சத்துக்குப் போயிடும், தீனி எடுக்கிற அளவு உச்சத்துக்கு வர 10-12 வாரம் ஆகும், நடுவுல விழுற துண்ட மாடு தன் உடம்புக் கொழுப்பக் கரைச்சுதான் கட்டும்.

15 லிட்டர் பால்ல மட்டும் சுமாரா 700 கிராம் பால் சர்க்கரை வெளிய போகுது, அவ்வளவும் ரத்தத்துல இருக்க குளுக்கோஸ வச்சு செஞ்சது. நாம சோறு சாப்பிட்டா குளுக்கோஸ் நேரா ரத்தத்துல ஏறும், மாட்டுக்கு அந்த வசதி கிடையாது, முதல் வயித்துல இருக்க நுண்ணுயிருங்க முந்திக்கிட்டு மாவுச்சத்தப் புளிக்க வச்சு அமிலமாக்கிடும், அதுல புரோப்பியோனிக் அமிலத்த எடுத்துத்தான் கல்லீரல் பெரும்பாலான குளுக்கோஸ தயார் பண்ணணும். அப்படிக் கஷ்டப்பட்டு செஞ்சதுலயும் மடிக்குதான் முதல் பங்கு. தசையும் கொழுப்பும் குளுக்கோஸ உள்ள இழுக்க இன்சுலின் வேணும், மடிக்கு அது தேவையே இல்ல. ஈன்ன புதுசுல இன்சுலின் குறைஞ்சு கிடக்கிறதால மத்த இடமெல்லாம் பட்டினி, மடி மட்டும் வாங்கிக்கிட்டே இருக்கும்.

இந்த இன்சுலின் குறைவு இன்னொரு வேலையும் பண்ணுது. முட்டை வளர உதவுற ஐஜிஎஃப்-1 ங்கிற பொருள் கல்லீரல்ல சுரக்கிறது குறையுது, மூளைக்குக் கீழ இருக்க பிட்யூட்டரி சுரப்பி, முட்டைய வளர்த்து வெளிய விட வைக்கிற எல்ஹெச் ஹார்மோன விட்டு விட்டு அனுப்புற வேகமும் குறையுது. சினைப்பையில முட்டைக் கொப்புளம் கிளம்பும், பெரிசாகும், ஆனா பருவத்துக்கு வர வைக்கிற ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன போதுமான அளவு சுரக்க முடியாம வெடிக்காமலே சுருங்கிடும், அப்புறம் இன்னொண்ணு கிளம்பும், அதுக்கும் அதே கதி. வெளிய நிக்கிற நமக்கு "மாடு பருவத்துக்கு வரல", அவ்ளோதான் தெரியும்.

சரி பருவத்துக்கு வந்துடுச்சு, அப்பயும் ஏன் நிக்கல? 1992ல ஜாக் பிரிட்ங்கிற அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஒரு கருத்து சொன்னார். ஒரு முட்டை முழுசா வளர்ந்து வெளிய வர ரெண்டு மாசத்துக்கு மேல ஆகும், அதனால இன்னிக்கு ஊசி போடுற முட்டை, ஈன்ன புதுசுல மாடு உருகிக்கிட்டு இருந்தப்ப வளர ஆரம்பிச்ச முட்டை, அப்ப பட்ட அடி இப்ப தெரியுதுன்னு. எனக்கு இதுதான் இந்த விஷயத்துலயே ரொம்ப முக்கியமான யோசனைன்னு படுது, ஏன்னா சினை நிக்கலன்னு இன்னிக்கு ஓடிப்போய் புண்ணாக்க ரெட்டிப்பாக்குறவங்க ரெண்டு மாசம் லேட். அதோட புண்ணாக்குல இருக்க புரதம் அளவுக்கு மீறினா ரத்தத்துல யூரியா ஏறி கருப்பைச் சூழலையும் கெடுக்கும்.

மாடு எவ்வளவு உருகுதுன்னு தெரிஞ்சுக்க லேப் எதுவும் வேணாம். பின்னாடி போய் நின்னு வால் அடியில ரெண்டு பக்கமும் கை வச்சுப் பாருங்க. குழி ஆழமா இருந்து, இடுப்பெலும்பு கூர்மையா குத்தி, குட்டை விலாவோட முனை ஒவ்வொண்ணா விரல்ல மாட்டுச்சுன்னா மாடு இளைச்சிருக்கு. இதுக்கு 1ல இருந்து 5 வரை மார்க் போடுவாங்க, 1னா எலும்பும் தோலும், 5னா ரொம்பக் கொழுப்பு. கார்னெல் பல்கலைக்கழகத்தோட பட்லரும் ஸ்மித்தும் 1989ல எழுதின கட்டுரைல, ஈன்னதுக்கு அப்புறம் அரை மார்க்குக்குக் கம்மியா இளைச்ச மாடுங்கள்ல 65 சதவீதம் முதல் ஊசியிலயே சினை பிடிச்சுது, ஒரு மார்க்குக்கு மேல இளைச்சதுல 17 சதவீதம்தான்.

இதுல பால் அதிகமா கறக்கிற மாட்டுக்கு இன்னொரு தொல்லை. தின்கிறது அதிகம்ங்கிறதால கல்லீரலுக்கு ரத்தம் நிறைய போய் ஈஸ்ட்ரோஜன் மாதிரி ஹார்மோன்கள் சீக்கிரம் கரைஞ்சிடுது. 2004ல அமெரிக்காவுல பார்த்தப்ப கறவை குறைஞ்ச மாட்டுக்கு பருவ அறிகுறி சராசரியா 10.9 மணி நேரம் இருந்துச்சு, அதிகம் கறக்கிறதுக்கு 6.2 மணி நேரம். ராத்திரி நாம தூங்கிறப்ப வந்து விடியிறதுக்குள்ள போயிடலாம், காலைல கண்ணாடி மாதிரி வழும்பு காஞ்சு வால்ல ஒட்டியிருக்கான்னு பாக்கிறது அதனாலதான்.

அப்ப எங்க ஆரம்பிக்கணும்? பால் வத்தின அந்த கடைசி ரெண்டு மாசத்துல. நம்ம ஊர்ல பால் கறக்காத மாட்டுக்கு எதுக்குத் தீவனம்னு வெறும் வைக்கோல் போட்டு நிறுத்திடுவாங்க, வைக்கோல்ல பாஸ்பரசும் வைட்டமின் ஏவும் ரொம்பக் கம்மி, பசுந்தீவனமும் தாது உப்பும் வேணும். ஈனும்போது மார்க் 3ல இருந்து 3.5க்குள்ள இருந்தா போதும். கொழுக்க வச்சா இன்னும் நல்லதுன்னு நினைக்காதீங்க, கொழுத்த மாடு ஈன்னதும் தீனி கம்மியாத்தான் எடுக்கும், உடம்புக் கொழுப்பு நிறைய கரைஞ்சு கல்லீரல்ல போய் அடைச்சுக்கும். ஈன்ன பிறகு தானியம், புண்ணாக்கு மாதிரி அடர்தீவனத்த ரெண்டு மூணு வாரத்துல கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க, ஒரே நாள்ல ஏத்தினா வயித்துல அமிலம் கூடி இருக்கிற பசியும் போயிடும்.