டிக்ளரேஷன் – கணக்கில் காட்டுதல்

மதுரைப் பக்கம் 'டிக்ளேர்' என்ற சொல்லைப் பலரும் முதலில் கேட்பது விமான நிலையச் சுங்கத்தில்தான். துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வந்து இறங்கினால், அளவுக்கு மேல் நகை இருந்தால் டிக்ளேர் பண்ணுங்கள் என்பார்கள், பண்ணினால் அங்கேயே தீர்வை கட்டவேண்டும். அதனால் டிக்ளேர் என்றாலே காசு போகும் என்று மனதில் பதிந்துவிட்டது. வருமான வரியில் காட்டுவது வேறு, கட்டுவது வேறு. இந்தக் குழப்பத்தால்தான் நம் ஊர்க்காரர்கள் வெளிநாட்டுக் கணக்கைச் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள்.

சொல்லின் வேர் லத்தீன். 'கிளாரஸ்' என்றால் தெளிவானது, அதிலிருந்து வந்த 'டெக்லராரே' என்பதற்குத் தெளிவாகத் தெரியச் செய்வது என்று பொருள். பணம் என்ற பேச்சே அதில் கிடையாது.

தமிழில் என்ன சொல்லலாம்? 'அறிவிப்பு' சரிவராது, அது அரசாங்கம் நமக்குச் சொல்வது. 'உறுதிமொழி' என்பது படிவத்தின் கடைசியில் கையெழுத்துப் போடும் இடத்துக்குப் பொருந்தும். நிலத் தகராறில் கோர்ட்டுக்குப் போனவர்களுக்கு 'விளம்புகைப் பரிகாரம்' தெரிந்திருக்கும். அந்த விளம்புகையும் டிக்ளரேஷன்தான், ஆனால் அதில் உரிமை இன்னாருடையது என்று விளம்புவது, அதாவது அறிவிப்பது, நீதிமன்றம். வரிக்கு நாம் தினமும் பேசுகிற 'கணக்கில் காட்டுவது' இருக்கிறதே, அதுதான் பொருத்தம். 'கணக்கில் வராத பணம்' என்று பேப்பரில் படிக்கிறோமே, அதற்கு நேர் எதிர்.

சரி, யார் காட்டவேண்டும்? வெளிநாட்டிலேயே வேலை பார்த்துக்கொண்டு, வரிச் சட்டப்படி இங்கே வசிக்காதவராக இருப்பவர் அங்குள்ள சம்பளத்தையும் வீட்டையும் இங்கே காட்டவேண்டியதில்லை. பல வருஷம் கழித்து ஊர் திரும்பியவருக்கும் பெரும்பாலும் முதல் ஓரிரு வருஷம் 'சாதாரணமாக வசிக்காதவர்' என்ற இடைநிலை கிடைக்கும், அதுவரை கவலையில்லை. அது முடிந்து முழுமையாக வசிப்பவர் ஆகிவிட்டால், உலகத்தில் எங்கே என்ன இருந்தாலும் கணக்கில் வரவேண்டும்.

மேலூருக்குத் திரும்பி, அந்த இடைநிலையும் முடிந்துவிட்ட ஒருவருக்குச் சிங்கப்பூர் வங்கிக் கணக்கு ஒன்று சும்மா கிடக்கிறது என்று வையுங்கள். இங்கே வரி கட்டும் அளவுக்கு வருமானமே இல்லாவிட்டாலும் அவர் வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்தாகவேண்டும். எளிய ஐடிஆர்-1 படிவம் போட முடியாது, ஐடிஆர்-2 அல்லது 3-இல் வெளிநாட்டுச் சொத்துகளுக்கான 'ஷெடியூல் எஃப்ஏ' பகுதியை நிரப்பவேண்டும். கணக்கு எண், தொடங்கிய தேதி, அந்த வருஷத்தில் இருந்த அதிகபட்ச இருப்பு, வட்டி எல்லாம் கேட்பார்கள். வரி வருவது வட்டிக்குத்தான், இருப்புத் தொகைக்கு இல்லை. மலேசியாவில் வீடு இருந்து, வாடகைக்கு அங்கேயே வரி கட்டியிருந்தால், இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தப்படி அந்த வரியை இங்கே கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொள்ளவும் வழி உண்டு.

காட்டாமல் விட்டால்தான் வம்பு. 2015-ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கலாம். 2024 அக்டோபர் 1 முதல், வீடு நிலம் தவிர்த்த சொத்துகள் மொத்தமாக 20 லட்சத்துக்குள் இருந்தால் அந்த அபராதம் கிடையாது, ஆனால் காட்டவேண்டிய கடமை அப்படியே இருக்கிறது. வெளிநாட்டு வங்கிகள் தரும் விவரம் தானாகவே நம் வரித்துறைக்கு வந்துசேர்கிறது என்பதையும் மறக்கவேண்டாம்.

ஆடிட்டரிடம் போகும்போது ஜனவரி முதல் டிசம்பர் வரைக்குமான ஸ்டேட்மென்டை எடுத்துப்போங்கள், ஷெடியூல் எஃப்ஏ பகுதிக்கு ஏப்ரல்–மார்ச் கணக்கு உதவாது. அப்புறம், கணக்கை நடுவில் மூடியிருந்தாலும் அந்த வருஷத்துக்குக் காட்டியே ஆகவேண்டும்.