கருத்துத் திருட்டு அல்ல, ஆக்கக் களவு

முனைவர் பட்ட ஆய்வேட்டை ஒப்படைக்கும்போது உடன் வைக்கும் சரிபார்ப்புத் தாளில் ‘கருத்துத் திருட்டு 9 விழுக்காடு’ என்று எழுதும் வழக்கம் பரவிவிட்டது. ‘நூற்றுக்கு ஒன்பது பங்கு திருடியிருக்கிறேன்’ என்று ஆய்வாளரும் நெறியாளரும் கையொப்பமிட்டுத் தருவதாகத்தான் இதற்குப் பொருள். இங்கே ‘கருத்துத் திருட்டு’ என்ற சொல்லாட்சியும் தவறு, அதன் பக்கத்தில் நிற்கும் எண்ணைப் பற்றிய புரிதலும் தவறு.

‘கருத்துத் திருட்டு’ என்று மொழிபெயர்க்கப்படும் ஆங்கிலச் சொல் பிளேஜியரிசம். இலத்தீனில் ‘பிளாகியாரியுஸ்’ என்றால் பிறருடைய பிள்ளையையோ அடிமையையோ கடத்திச் செல்பவன். கி.பி. முதல் நூற்றாண்டு உரோமைக் கவிஞர் மார்சியல், தம் கவிதைகளைத் தனதென்று சொல்லிக்கொண்டவனை இச்சொல்லால் சாடினார். அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. எடுத்தது மட்டுமல்ல, எடுத்ததைத் தனதென்று காட்டுவதுதான் குற்றம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகளும் பிறருடைய படைப்பையோ கருத்தையோ எடுத்துத் தனதாகக் காட்டுவது என்றே வரையறுக்கின்றன.

அந்த வரையறையில் படைப்பு, கருத்து இரண்டும் இருக்க, ‘கருத்துத் திருட்டு’ ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்கிறது. ஆய்வேடுகளில் அன்றாடம் நடப்பது பத்திபத்தியாக வாக்கியங்களை அப்படியே படியெடுப்பதும், அட்டவணையையும் படத்தையும் எடுத்து ஒட்டுவதும்தான். ‘கருத்து என்னுடையது, வரிகளைத்தான் எடுத்தேன்’ என்று மாணவர் வாதாட இந்தச் சொல்லே வழி திறந்துவிடுகிறது. நேர்மாறான கேடும் உண்டு. பிறர் கருத்தை எடுத்தாளாமல் ஆய்வு ஏது? நன்னூல் உத்திகளிலேயே ‘பிறன்கோட் கூறல்’ இருக்கிறது: பிறருடைய கொள்கையை அவருடையதாகவே எடுத்துச் சொல்வது. கருத்தை எடுத்தாலே திருட்டு என்று பயந்த மாணவர், முன்னாய்வுகளைத் தொடாமலே முதல் இயலை முடித்துவிடுகிறார். ‘கருத்துத் திருட்டு மென்பொருள்’ என்ற தொடரோ, கருத்தைத் திருடித் தரும் மென்பொருள் என்றுதான் காதில் விழுகிறது. ‘சுய கருத்துத் திருட்டு’ இன்னும் மோசம். தன் கருத்தைத் தானே எப்படித் திருடுவது? முன்பு வெளியிட்ட தன் கட்டுரையைச் சொல்லாமல் மறுபடி சேர்ப்பதுதான் அங்கே குற்றம். ‘முன்வெளியீட்டை மறைத்தல்’ என்றால் விளங்கிவிடும்.

‘எழுத்துத் திருட்டு’ இதைவிட மேல். ஆனால் தரவையும் வரைபடத்தையும் அது விட்டுவிடுகிறது. வேறு சொற்களில் மாற்றி எழுதிய திருட்டும் அதற்குள் அடங்காது. ‘இலக்கியத் திருட்டு’ வேதியியல் ஆய்வேட்டுக்குப் பொருந்தவே பொருந்தாது.

நம்மிடம் பழைய சொல் ஒன்று உண்டு. பிறர் பாட்டைத் தன் பாட்டென்று சொல்பவனை, செய்யுள் வகைகளின் இலக்கணம் சொல்லும் பாட்டியல் நூல்கள் ‘கள்ளக்கவி’ என்றன. கள்ளம் என்பதில் எடுப்பதும் இருக்கிறது, மறைப்பதும் இருக்கிறது. களவும் அதே வேரில் பிறந்தது. ஈழத்தில் இன்றும் ‘களவெடுத்தான்’ என்பது வீட்டுப் பேச்சு. ஆக்கம் என்ற சொல்லில் வரி, படம், தரவு, கருத்து எல்லாம் அடங்கும். ஆக்கியோன் என்ற சொல்லும் பக்கத்திலேயே இருக்கிறது. ஆகவே ‘ஆக்கக் களவு’ என்பதே பொருத்தம். ‘களவினால் ஆகிய ஆக்கம்’ என்ற குறளில் ஆக்கம் செல்வத்தைக் குறிக்கிறது என்றாலும், அந்த இரண்டு சொற்களும் சேர்ந்து நிற்பது தமிழ்க் காதுக்குப் புதிதல்ல.

இனி அந்த எண். அதைத் தரும் மென்பொருள் களவை அளப்பதில்லை. ஆய்வேட்டின் சொற்சரங்களைத் தன் கிடங்கில் உள்ள இணையப் பக்கங்கள், இதழ்கள், ஆய்வேடுகளோடு ஒப்பிட்டு, ஒத்துப்போகும் இடங்களுக்கு வண்ணம் தீட்டித் தருகிறது. அது ‘ஒப்புமை விழுக்காடு’. மேற்சொன்ன மானியக் குழு விதிகளும் எண்களை ஒப்புமை என்றே குறிக்கின்றன: 10 வரை தண்டனை இல்லை, 10க்கு மேல் 40 வரை என்றால் 6 மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும், 40க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய ஏட்டைக்கூடத் தர முடியாது, 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. உரிய குறிப்போடு தந்த மேற்கோள், துணைநூற்பட்டியல், பொருளடக்கம், நன்றியுரை ஆகியவற்றைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. இவற்றை விலக்காமல் ஓட்டினால், புறநானூற்றுப் பாடல்களை முறையாக மேற்கோள் காட்டிய ஏடு 30ஐத் தாண்டிக் குற்றவாளியாக நிற்கும். தொடர்ந்து 14 சொற்கள் வரை தற்செயலாக ஒத்தால் விடலாம் என்ற சலுகையும் ஆங்கிலத்துக்கு அளந்து தைத்தது. ‘வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்து’ என்பது நமக்கு ஒரே சொல். அப்படிப்பட்ட 14 சொற்களில் ஒரு முழு வாதமே அடங்கிவிடும்.

எண் குறைந்தால் ஏடு தூய்மை என்பதும் இல்லை. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சிட்ட கோப்பில் கண்ணுக்குத் தமிழ் தெரியும். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துக் குறியீடுகள். மென்பொருள் அந்தக் குறியீடுகளைப் படித்துவிட்டு ஒப்புமை இல்லை என்று சொல்லும். முழு நூலையே படியெடுத்திருந்தாலும் 0 வரலாம். பக்கங்களைப் படமாக வருடிய (ஸ்கேன் செய்த) கோப்பும் அப்படித்தான். மின்வடிவம் பெறாத பழைய நூலிலிருந்து எடுத்தாலோ, ஆங்கிலக் கட்டுரையை மொழிபெயர்த்துப் போட்டாலோ, செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் கொடுத்து வரிகளை மாற்றி எழுதினாலோ எண் ஏறுவதில்லை. ‘கூறப்பட்டுள்ளது’ என்பதைக் ‘கூறப்பட்டு உள்ளது’ என்று பிரித்தாலே சொற்சரம் மாறிவிடுகிறது.

சுற்றறிக்கையை மொழிபெயர்ப்பவர்கள் இதையெல்லாம் பார்ப்பதில்லை. ஆங்கிலத்தில் ஒப்புமை என்று நிற்கும் இடத்திலும் திருட்டு என்று எழுதிவிடுகிறார்கள், அடுத்தவர் அதைப் பார்த்துப் படியெடுக்கிறார், படிவத்தில் அச்சாகிவிடுகிறது. பிறகு மாணவர் 9க்கும் 11க்கும் இடையில் ஒற்றெழுத்தைப் போட்டும் எடுத்தும் உயிரை விடுகிறார். வண்ணம் தீட்டிய இடங்களை யாரும் படிப்பதில்லை.

படிவத்தில் ‘ஒப்புமை விழுக்காடு’ என்று ஒரு கட்டம் போதும். அதன் கீழே, ஒத்த பகுதி ஒவ்வொன்றும் மேற்கோளா, பொதுத் தொடரா, ஆக்கக் களவா என்று நெறியாளர் கைப்பட எழுத இடம் விட வேண்டும். கோப்பை ஏற்றும் முன் அதிலிருந்து ஒரு பத்தியைப் படியெடுத்து எளிய உரைக்கோப்பில் ஒட்டிப் பார்க்கலாம். தமிழ் தமிழாகவே வந்தால் ஒருங்குறி (யூனிகோடு). ஆங்கில எழுத்துகள் வந்தால், எழுத்துருவை மாற்றிக் கொண்டுவரச் சொல்லித் திருப்பி அனுப்ப வேண்டும்.