"காய்ச்சல் விட்டாச்சு சாரே, பந்து விளையாடப் போகட்டா?"

இப்படிக் கேட்ட பையன், சில நாள் முன்பு கடற்கரை ஊரிலிருந்து அம்மாவோடு என்னிடம் வைத்தியத்துக்கு வந்தவன். வயது பத்தொன்பது, விடுதியில் தங்கி இன்ஜினியரிங் படிக்கிறான். எட்டு நாளாகக் காய்ச்சல், எச்சில்கூட விழுங்க முடியாத தொண்டைவலி, கழுத்தின் இரண்டு பக்கமும் பிடரி வரை நெறி கட்டியிருந்தது. கண் இமை லேசாக வீங்கியிருந்தது, டான்சிலில் வெள்ளைப் படலம். இதற்குள் மெடிக்கலில் அவனே அமாக்ஸிசிலின் வாங்கிப் போட்டிருக்கிறான், சில நாளில் உடம்பெல்லாம் சிவந்து தடித்துவிட்டது. அம்மா பயந்தது அந்தத் தடிப்புக்குத்தான். "அம்மை போட்டிருக்கா சாரே?" என்றார்.

அம்மை இல்லை. மோனோநியூக்ளியோசிஸ். இதற்குப் பெரும்பாலும் காரணம் எப்ஸ்டீன்-பார் வைரஸ், 1964-இல் கண்டுபிடித்தார்கள். எச்சில் வழியாகப் பரவுகிறது. நம் ஊர்ப் பிள்ளைகள் பலருக்குச் சின்ன வயதிலேயே சாதாரணக் காய்ச்சல்போல வந்து, யாருக்கும் தெரியாமலே போய்விடும். அப்போது தப்பித்தவர்களுக்குப் பதினைந்து வயதுக்கு மேல் வரும்போதுதான் இப்படிப் படுத்தி எடுக்கிறது.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். இணையத்தில் இதை 'முத்த நோய்' என்று படித்துவிட்டு, காய்ச்சலில் கிடக்கிற மகளை "யாரோட சுத்துன?" என்று கேட்கிற பெற்றோரைப் பார்த்திருக்கிறேன், மனசு கஷ்டமாக இருக்கும். விடுதியில் நாலு பேர் ஒரே தண்ணீர் பாட்டிலில் வாய் வைத்துக் குடித்தாலே போதும். வைரஸ் உள்ளே போய் நோய் வெளியே தெரிய நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். எப்போதோ வந்து போனவரின் எச்சிலிலும், அவர் நல்லா இருக்கும்போதே, அது இருக்கலாம். யாரிடமிருந்து வந்தது என்ற விசாரணையால் ஒரு பயனும் இல்லை, தயவுசெய்து பிள்ளையைக் குடையாதீர்கள்.

ரத்தத்தில் லிம்போசைட் என்ற வெள்ளை அணுக்கள் கூடி, வடிவம் மாறித் தெரியும். இந்த நோய்க்கான மோனோஸ்பாட் என்ற ரத்தப் பரிசோதனை, முதல் வாரத்தில் நோய் இருந்தாலும் இல்லை என்று காட்டிவிடலாம், அதனால் சில சமயம் திரும்பச் செய்வேன். மழைக்காலத்தில் டெங்கு, எலிக்காய்ச்சல், டைபாய்டு எல்லாவற்றையும் யோசித்தாக வேண்டும், வெள்ளைப் படலம் என்றால் தொண்டை அடைப்பான் என்கிற டிப்தீரியாவையும். வீட்டிலிருந்தபடி நீங்களே முடிவு செய்கிற விஷயம் இல்லை இது. நெறி ஒரு மாதம் தாண்டியும் வற்றாமல் பெரிதாகிக்கொண்டே போனால், எடை குறைந்தால், காசநோய் முதல் ரத்தப் புற்றுநோய் வரை பார்த்தே தீரவேண்டும்.

வைரஸுக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது, அது மட்டுமல்ல, இந்த நோயில் அமாக்ஸிசிலின் எடுத்தால் பலருக்குத் தடிப்பு வரும். அது பெரும்பாலும் உண்மையான பென்சிலின் அலர்ஜி இல்லை, ஆனாலும் ஆயுசுக்கும் அலர்ஜி என்று சீட்டில் எழுதிவிடுவார்கள். டாக்டரிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். ஓய்வு, நிறையத் தண்ணீர், அளவோடு பாராசிட்டமால், விழுங்க முடிந்த கஞ்சி, இவைதான் வைத்தியம். ஆஸ்பிரின் வேண்டாம். கல்லீரல் என்சைம் கொஞ்சம் கூடியிருக்கிறது என்றதும் மஞ்சள்காமாலைக்குப் பச்சிலை அரைத்துக் கொடுப்பதும் வேண்டாம், தானாகவே இறங்கிவிடும்.

இனி அந்தப் பையன் கேட்ட கேள்வி. பன்னிரண்டாம் நாள் காய்ச்சல் விட்டிருந்தது, அடுத்த ஞாயிறு டோர்னமென்ட். குமரிக் கடற்கரையில் தூத்தூர், இரவிபுத்தன்துறைப் பக்கம் கால்பந்து என்றால் உயிர், அவன் ஆசை எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் இடது விலாவுக்கு அடியில் இருக்கிற மண்ணீரல் இந்த நோயில் பாதிப் பேருக்காவது வீங்கி மிருதுவாகிவிடும். அது கிழிவது அபூர்வம், நூற்றில் ஒருவருக்கும் குறைவு. ஆனால் கிழிந்தால் வயிற்றுக்குள்ளே ரத்தம் கொட்டும், சில நேரம் ஒரு அடியும் படாமலே. முதல் மூன்று வாரம்தான் பெரிய ஆபத்து. நான் கால்பந்து, கபடிக்கு நாலு வாரம் வரை விடுவதில்லை. ஜிம்மில் எடை தூக்குவது, கரையில் நின்று கரமடி வலை இழுப்பது, எதுவும் கூடாது. இடது மேல்வயிறு திடீரென்று வலித்தாலோ, இடது தோள்பட்டையில் குத்தினாலோ, தலைசுற்றி வியர்த்தாலோ ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜோ பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரியோ, உடனே போய்விடுங்கள். மூச்சுவிடக் கஷ்டமானாலும் அப்படித்தான்.

"இந்தத் தடவை கரையில உக்காந்து பாரு மக்களே" என்றேன். முகம் சுருங்கிவிட்டது, ஆனால் கேட்டுக்கொண்டான். ஆறாவது வாரம் இறங்கி விளையாடினான், அரை மணிநேரத்தில் கால் தளர்ந்துவிட்டதாம். அந்த அசதி சிலருக்கு மாதக்கணக்கில் இருக்கும், அது சோம்பல் இல்லை. அட்டெண்டன்ஸ் குறைகிறது என்று கல்லூரியில் கேட்டால் டாக்டரிடம் போய்ச் சொல்லுங்கள், அந்தச் சர்டிபிகேட்டை எழுதித் தருவதும் எங்கள் வேலைதான்.