மார்கழிப் பொங்கலின் சூடு எங்கிருந்து வருகிறது?

வடகிழக்குப் பருவமழை ஓயத் தொடங்கும் மார்கழியில், கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் இடைப்பட்ட எங்கள் பகுதியில் விடியற்காலை வெப்பநிலை 20 அல்லது 21 டிகிரி செல்சியஸ் வரை இறங்கும். மலை ஊர்களில் இருப்பவர்களுக்கு இது குளிராகவே தோன்றாது. ஆனால், மேகம் விலகிய இரவில் நிலம் தன் வெப்பத்தை வானை நோக்கி வீசிவிட, சம்பா வயல்களிலும் வாய்க்கால்களிலும் இருந்து காற்றில் ஏறிய ஈரம் பனியாக இறங்கும் அந்த நேரத்தில், வாசலில் கோலமிடக் குனிகிறவர்களின் விரல் நுனிகள் மரத்துத்தான் போகின்றன. தோலின் வெப்பநிலை ஏறத்தாழ 26 டிகிரிக்குக் கீழே போகும்போது, அங்குள்ள நரம்பு நுனிகளில் டி.ஆர்.பி.எம். 8 என்னும் ஏற்பி திறந்து, "குளிர்கிறது" என்ற செய்தியை மூளைக்கு அனுப்புகிறது. ஆகவே நம் மார்கழிக் குளிர் வெறும் மனப்பிரமை அன்று. வெப்பமானி காட்டும் எண் சிறிதாக இல்லாவிட்டாலும், நரம்பு அதைக் குளிராகவே பதிவு செய்கிறது.

அந்தக் குளிருக்கு எங்கள் வீடுகளில் கிடைக்கும் பதில் வெண்பொங்கல். வெண்கலப் பானையிலிருந்து ஆவி பறக்கப் பரிமாறும்போது என் அப்பாயி, "பனியில நனைஞ்சு வந்திருக்க, இன்னும் ஒரு கரண்டி வச்சுக்க" என்று சொல்லுவார். அந்தக் கூடுதல் கரண்டி உண்மையில் உடம்பைச் சூடாக்குகிறதா என்று பல ஆண்டுகளுக்குப் பின் கணக்குப் போட்டுப் பார்த்தேன். விடை நான் எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக இருந்தது.

60 டிகிரி சூட்டில் 250 கிராம் பொங்கலை உண்பதாக வைத்துக்கொள்வோம். பொங்கலின் பெரும்பகுதி நீர்தான் என்பதால், அது நம் உடல் வெப்பநிலையான 37 டிகிரிக்கு ஆறும்போது ஏறத்தாழ 21 கிலோ ஜூல் வெப்பத்தை நமக்குக் கொடுக்கும். 60 கிலோ எடையுள்ள ஒருவரின் உடலை ஒரே ஒரு டிகிரி சூடாக்கவே 210 கிலோ ஜூல் அளவுக்குத் தேவைப்படுகிறது. அப்படியானால், அடுப்பிலிருந்து பொங்கல் சுமந்துவரும் வெப்பம் உடலின் வெப்பநிலையை ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்குதான் உயர்த்த முடியும். அதுவும் சிறிது நேரத்தில் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் வெளியேறிவிடும். ஆகவே, பொங்கல் உண்டபின் ஒரு மணி நேரம் கழித்தும் உணர்கிற கதகதப்பு அடுப்பின் சூடாக இருக்க முடியாது.

அந்தக் கதகதப்பு இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று, உணவைச் செரித்து, சிறுகூறுகளாக உடைத்து, உட்கிரகித்துச் சேமிக்கும் வேலைக்காக உடல் தானே உண்டாக்கும் வெப்பம். மற்றொன்று, மிளகு நரம்புக்குச் சொல்லும் செய்தி.

முதல் வழியைப் பார்ப்போம். 50 கிராம் அரிசி, 18 கிராம் பாசிப்பருப்பு, 10 கிராம் நெய் சேர்ந்த அந்த 250 கிராம் பொங்கலில் ஏறத்தாழ 330 கிலோ கலோரி ஆற்றல் இருக்கிறது. புரதத்தின் ஆற்றலில் 20 முதல் 30 சதவீதமும், மாவுச்சத்தின் ஆற்றலில் 5 முதல் 10 சதவீதமும், கொழுப்பின் ஆற்றலில் அதிகபட்சம் 3 சதவீதமும் இந்தச் செரிமான வேலையிலேயே வெப்பமாகிவிடுகின்றன. கூட்டிப் பார்த்தால் ஏறத்தாழ 24 கிலோ கலோரி, அதாவது நூறு கிலோ ஜூலை ஒட்டி வருகிறது. அடுப்பு கொடுத்த 21 கிலோ ஜூலைப் போல இது ஐந்து மடங்கு. அதோடு, சில மணி நேரம் சிறுகச் சிறுக வெளிப்படுவதால் நீடித்தும் நிற்கிறது. அப்பாயி வைத்த கூடுதல் கரண்டிக்கு ஆதாரம் இங்கேதான் இருக்கிறது. அடுப்பு மூட்டிய சூட்டைவிட வயிறு மூட்டும் சூடே பெரிது.

இனி, இந்த ஆற்றலை எளிதில் செரிக்கக்கூடிய வடிவத்துக்குக் கொண்டுவருகிற பானையின் வேலையைப் பார்க்கலாம். வேகாத அரிசியில் மாவுச்சத்து மிக நுண்ணிய மணிகளாக இறுக்கி அடுக்கப்பட்டிருக்கும். தானியங்களிலேயே அரிசியின் மாவுமணிகள்தாம் மிகச் சிறியவை. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் 3 முதல் 8 பங்கு அளவே இருப்பவை. நீரோடு சேர்ந்து சூடேறும்போது, அரிசியின் வகையைப் பொறுத்து 55 முதல் 79 டிகிரிக்குள் இந்த மணிகளின் அடுக்கு குலைகிறது. நீர் உள்ளே புகுந்து அவை பலமடங்கு உப்புகின்றன. அமைலோஸ் என்னும் நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் மணியை விட்டு வெளியேறி நீரில் கலந்து கஞ்சியைக் கெட்டியாக்குகின்றன. கிளைகள் நிறைந்த அமைலோபெக்டின் மூலக்கூறுகள் பெரும்பாலும் உப்பிய மணிக்குள்ளேயே தங்கி அதற்குக் குழைவைத் தருகின்றன. சாதத்துக்கு நாம் பருக்கையைக் காப்பாற்றுகிறோம். பொங்கலுக்கு வேண்டுமென்றே நீரைக் கூட்டி, வெந்தபின் கரண்டியால் மசித்து, அந்த மணிகளை உடைத்து விடுகிறோம். செரிமான நொதிகள் இறுகிய அடுக்கைவிடக் குலைந்த அடுக்கையே விரைவாகப் பிளக்கின்றன என்பதால்தான், பல் முளைக்கத் தொடங்கிய குழந்தைக்கும் பல் விழுந்த முதியவருக்கும் வீட்டில் ஒரே பானையிலிருந்து பரிமாற முடிகிறது.

புழுங்கல் அரிசியில் நல்ல பொங்கல் வராததற்கும் காரணம் இதுவே. நெல்லை ஊறவைத்து உமியோடு அவிக்கும்போதே அதன் மாவுச்சத்து ஒருமுறை வெந்துவிடுகிறது. உலரும்போது அது மீண்டும் கெட்டிப்பட்டு, பருக்கை முழுவதும் ஒரே கட்டியாக இறுகிவிடுகிறது. இரண்டாம் முறை வேகவைத்தால் அது மென்மையாகுமே தவிர எளிதில் கரையாது.

புது அரிசிக்கும் பழைய அரிசிக்கும் உள்ள வேறுபாடு இதைவிடச் சுவையானது. ஆகஸ்டு வாக்கில் விதைத்த சம்பா, தையை ஒட்டி அறுவடைக்கு வருகிறது. அறுத்த கையோடு குத்திய அரிசி பானையில் சட்டென்று குழைந்துவிடும்; பத்தாயத்தில் ஓர் ஆண்டு கிடந்த நெல்லின் அரிசியோ கூடுதல் நீரைக் குடித்து, நன்றாக உப்பி, ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்கும். நெல் கிடக்கும் காலத்தில் அதன் புரதங்களுக்கு இடையே கந்தக இணைப்புகள் உருவாகி, மாவுமணிகளைச் சுற்றி உறுதியான வேலியாக அமைகின்றன. அரிசியில் உள்ள சிறிதளவு கொழுப்பு உடைந்து, கொழுப்பு அமிலங்கள் அமைலோஸ் சங்கிலிக்குள் புகுந்து அதைக் கரையவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. செல் சுவர்களும் விறைப்பாகின்றன. இதனால் விருந்துச் சாதத்துக்குப் பழைய அரிசியும், தைப்பொங்கலுக்குப் புது அரிசியும் பொருந்துவது வழக்கத்தின் பொருத்தம் மட்டுமன்று, வேதியியலின் பொருத்தமும்கூட. மார்கழியில் வீட்டில் இருப்பது பெரும்பாலும் குறுவை அரிசியோ சென்ற ஆண்டின் அரிசியோதான் என்பதால், நான் ஒரு பங்கு அரிசி பருப்புக்கு ஐந்து பங்கு நீர் வைப்பேன். தை பிறந்து புது அரிசி வந்தால் நான்கு பங்கே போதும்.

ஒரு நெல் வகை எந்தச் சூட்டில் குழையும் என்பதை அடுப்பில் ஏற்றாமலே அறிய ஆராய்ச்சியாளர்கள் ஓர் எளிய சோதனையைக் கையாளுகிறார்கள். ஆறேழு அரிசிகளை 1.7 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் 23 மணி நேரம் ஊறவிட வேண்டும். குறைந்த சூட்டில் குழையும் வகை அதில் பஞ்சுபோல் பரவிக் கரைந்துவிடும். அதிகச் சூடு கேட்கும் வகை கல்லாகவே கிடக்கும். 1922 முதல் நம் டெல்டாவின் நடுவே இயங்கிவரும் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தின் ரகங்களை விளைச்சல் கணக்கில் மட்டும் பேசுகிறோம்; அவை பானைக்குள் எப்படி நடந்துகொள்கின்றன என்பதும் அதே அளவு பேசத்தக்கது என்பது என் கருத்து.

பாசிப்பருப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். நூறு கிராமில் ஏறத்தாழ 24 கிராம் புரதம் கொண்ட இது, அரிசியில் குறைவாக உள்ள லைசின் என்னும் அமினோ அமிலத்தை ஈடுகட்டுகிறது. பருப்பில் குறைவான கந்தக அமினோ அமிலங்களை அரிசி ஈடுகட்டுகிறது. வாணலியில் சிவக்க வறுக்கும்போது எழும் மணம், 1912-இல் பிரெஞ்சு வேதியியலாளர் மயார் விவரித்த, சர்க்கரைக்கும் அமினோ அமிலங்களுக்கும் இடையிலான வினையால் வருவது. கடலோரம் உள்ள ஊர்களில் கடினத்தன்மை கூடிய நிலத்தடி நீரில் பருப்பு லேசில் வேகாது. நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் பருப்பின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டினோடு பிணைந்து அதைக் கரையவிடாமல் செய்வதே காரணம். அங்கே பிடித்துவைத்த மழைநீரில் வேகவைத்தால் வேறுபாடு கண்கூடாகத் தெரியும்.

இரண்டாம் வழி மிளகு. மிளகின் காரத்துக்குக் காரணமான பைப்பரினை 1819-இல் பிரித்தெடுத்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் அயர்ஸ்டெட். அடுத்த ஆண்டே மின்னோட்டம் காந்த ஊசியைத் திருப்பும் என்று காட்டிய அதே அறிஞர். இந்தப் பைப்பரின் நாக்கில் என்ன செய்கிறது என்பது விளங்க ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் ஆயின. 1997-இல் டேவிட் ஜூலியஸின் ஆய்வுக்குழு, மிளகாயின் காரப்பொருளைக் கொண்டு டி.ஆர்.பி.வி. 1 என்னும் ஏற்பியைக் கண்டறிந்தது. ஏறத்தாழ 43 டிகிரிக்கு மேற்பட்ட, சுடுகிற வெப்பத்தை உணர்வதற்காக அமைந்த ஏற்பி அது. மிளகாயின் கேப்சைசினும் மிளகின் பைப்பரினும் அதே கதவைத் திறந்துவிடுகின்றன. இந்த ஆய்வுக்காக ஜூலியஸ், ஆர்டெம் படபூட்டியனுடன் 2021-இன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நம் மொழி காரமான உணவைப் "சுள்ளென்று இருக்கிறது" என்றும், வெயிலையும் "சுள்ளென்று அடிக்கிறது" என்றும் ஒரே சொல்லால் குறிப்பதை இந்த இடத்தில் எண்ணிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

ஆனால் இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். சூடு ஏறிவிட்டது என்று நம்பும் உடல், அதைத் தணிக்கவே முயல்கிறது. தோலுக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் விரிகின்றன, முகம் சிவக்கிறது, நெற்றி வியர்க்கிறது. தோலுக்கு வெதுவெதுப்பான இரத்தம் வருவதால், குளிரை உணர்ந்துகொண்டிருந்த நரம்புகள் அடங்கி நமக்கு இதமாக இருக்கிறது. உண்மையில் உடல் அப்போது வெப்பத்தை இழந்துகொண்டிருக்கிறது. வெறும் மிளகை மென்றுவிட்டுப் பனியில் நிற்பவருக்கு உணர்வு மட்டுமே மிஞ்சும். அரிசியும் பருப்பும் மெல்லச் செரித்து உள்ளிருந்து வெப்பத்தைக் கொடுக்க, மிளகு அதைத் தோல்வரை கொண்டுவந்து உணரச் செய்கிறது என்பதால்தான் இந்தச் சேர்க்கை இவ்வளவு பொருத்தமாக அமைகிறது.

பைப்பரின் நீரில் மிக அரிதாகவே கரையும். ஒரு லிட்டர் நீரில் 40 மில்லிகிராம் அளவுதான். கொழுப்பில் நன்றாகக் கரையும். மிளகையும் சீரகத்தையும் நெய்யில் பொரித்துக் கொட்டுவது அலங்காரத்துக்காக அன்று என்பதற்கு இதுவே சான்று. நெய்யில் இறங்கிய காரமும் மணமும் பொங்கல் முழுவதும் பரவுகின்றன. முழு மிளகை ஒதுக்கிவைக்கும் குழந்தைகளுக்குப் பாதியை ஒன்றிரண்டாகத் தட்டிப் போட்டால் காரம் ஓரிடத்தில் தங்காது.

நெய்க்கு இன்னொரு வேலையும் உண்டு. மார்கழி விடியலில் நெய்ச் சாடியைத் திறந்தால் மணல் மணலாக உறைந்திருக்கும். குளியலறையில் தேங்காய் எண்ணெயும் 24 டிகிரிக்குக் கீழே வெள்ளையாக உறைந்திருக்கும். நெய் முழுவதும் உருகுவது நம் உடல் சூட்டை ஒட்டித்தான் என்பதால், அது வாயில் பட்டவுடன் இளகுகிறது. சூடான பொங்கலின் மேல் ஊற்றிய நெய் மெல்லிய படலமாகப் பரவி, நீர் ஆவியாவதைத் தடுக்கிறது. ஒரு கிராம் நீர் ஆவியாகிப் போனால் அது தன்னோடு ஏறத்தாழ 2,300 ஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்லும். நூறு கிராம் நீரை ஐந்து டிகிரிக்கு மேல் ஆற்றிவிட அது போதும். அதோடு, நீர்த்த ரசத்தில் சூடான பகுதி மேலேறி ஆறிய பகுதி கீழிறங்கும் சுழற்சி நடப்பதுபோல், கெட்டியான பொங்கலில் நடக்க வழியில்லை. மேற்பரப்பு ஆறினாலும் உள்ளே விரல் வைக்க முடியாத சூடு இருப்பது அதனால்தான். குழந்தைகளுக்குப் பரிமாறும்போது இதை மறக்கக் கூடாது.

இரவில் மிளகு ரசம் வைக்கும் ஈயச்செம்பும் வெப்பத்தின் இன்னொரு பாடத்தைச் சொல்கிறது. அது செய்யப்படுவது வெள்ளீயத்தால். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். எரிவாயுச் சுடரின் சூடு அதைவிடப் பலமடங்கு. இருந்தும் செம்பு உருகாமல் நிற்பது, உள்ளே இருக்கும் ரசம் வெப்பத்தை உடனுக்குடன் வாங்கிக்கொண்டு 100 டிகிரியை ஒட்டியே நிற்பதால்தான். ஆகவே முதலில் ரசத்தை ஊற்றிவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். காரீயம் கலந்த செம்பு நஞ்சு என்பதால், வாங்கும்போது வெள்ளீயம்தானா என்று உறுதி செய்துகொள்வதும் கட்டாயம்.

காலை ஆறு மணிக்குத் தளதளவென்று இருந்த பொங்கல், பத்து மணிக்குக் கரண்டி இறங்காத கட்டியாகிவிடுவதை எல்லா வீடுகளும் அறியும். வெந்தபோது குலைந்த மாவுச்சத்துச் சங்கிலிகள், ஆறும்போது மறுபடியும் ஒன்றோடொன்று நெருங்கி அடுக்குகின்றன. அமைலோஸ் சில மணி நேரத்திலேயே அடுக்கிவிடும். அமைலோபெக்டினுக்கு நாட்கள் தேவை. உறைநிலைக்குச் சற்று மேலே உள்ள குளிரில் இது மிக விரைவாக நடக்கும் என்பதால் ஃபிரிட்ஜில் வைத்த பொங்கல் இன்னும் கல்லாகிறது. கொஞ்சம் வெந்நீர் தெளித்து மூடி, சிறு தீயில் சூடாக்கினால், அமைலோபெக்டின் அடுக்கு 60 டிகிரியை ஒட்டியே இளகிவிடும். அமைலோஸ் அடுக்கு குலைய 120 டிகிரிக்கு மேல் வேண்டும். திறந்த பானையில் அந்தச் சூடு ஒருபோதும் வராது. சூடாக்கிய பொங்கல் மென்மையானாலும், முதல் பந்தியில் இருந்த அதே குழைவு அதில் திரும்புவதில்லை.