இறக்கையில் பூசிய டோப்

2014 டிசம்பரில் வட லண்டனின் ஹெண்டனில், ராயல் ஏர் ஃபோர்ஸ் அருங்காட்சியகத்தில், முதல் உலகப் போர்க்கால விமானங்களுக்கென்றே ஒரு காட்சிக்கூடம் திறந்தார்கள். அடுத்த ஆண்டு ஒரு வேலையாக லண்டன் போனபோது அரை நாள் ஒதுக்கி அங்கே போனேன். கூடமே ஒரு பழம்பொருள்தான். கிளாட் கிரஹாம்-வைட் என்ற விமானி ஹெண்டனில் நடத்திய விமானத் தொழிற்சாலையின் கட்டடத்தைப் பிரித்து எடுத்துவந்து, அருங்காட்சியக வளாகத்துக்குள் மறுபடியும் எழுப்பியிருக்கிறார்கள். போர் விமானங்கள் உருவான கூரைக்குக் கீழேயே அந்தக் கால விமானங்களைப் பார்க்கலாம்.

சாப்வித் கேமல் நிற்கிறது. ஜெர்மனியின் ஃபாக்கர் டி.7 நிற்கிறது. எஸ்.இ.5ஏ பக்கத்தில் சற்று நேரம் நின்றேன். கல்கத்தாவில் பிறந்த போர் விமானி இந்திர லால் ராய் 1918 ஜூலையில் இந்த வகை விமானத்தில்தான் இரண்டு வாரத்துக்குள் வான்சண்டையில் பத்து வெற்றிகள் பெற்றார். அதே மாதம் 22ஆம் தேதி சுட்டு வீழ்த்தப்பட்டபோது அவருக்கு வயது 19.

ஆனால் நான் தொழிற்சாலைத் தொழிலாளர்களின் நோய்களைப் பார்க்கிற மருத்துவர். பெயின்ட் ஷாப், கோட்டிங் யூனிட் என்று அலைந்த கண்ணுக்கு இறக்கையின் துணிதான் முதலில் பட்டது. அந்தத் துணியைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

அந்தக் கால விமானத்துக்கு எலும்புக்கூடு மரம். ஸ்ப்ரூஸ், ஆஷ் கட்டைகளை எஃகுக் கம்பியால் இழுத்துக் கட்டி, மேலே லினன் துணியைப் போர்த்தித் தைப்பார்கள். வெறும் துணி தொளதொளவென்று இருக்கும், காற்று ஊடுருவும், மழையில் நனைந்து தொங்கும். அதனால் மேலே டோப் என்ற திரவத்தைப் பல தடவை பூசுவார்கள். காய்ந்ததும் துணி சுருங்கி மத்தளத் தோல் மாதிரி விறைத்துக்கொள்ளும். செல்லுலோஸ் சேர்மம் ஒன்றைக் கரைப்பானில் கரைத்ததுதான் டோப். செல்லுலோஸ் நைட்ரேட் போட்டால் பழைய சினிமா பிலிம் போலப் பற்றிக்கொள்ளும். செல்லுலோஸ் அசிடேட் அவ்வளவு எளிதில் எரியாது. அந்த அசிடேட்டைக் கரைக்கப் பயன்படுத்திய கரைப்பான்களில் ஒன்று டெட்ராகுளோரோஈத்தேன். அதுவும் தீப்பற்றாது, குளோரோஃபார்ம் போல இனிப்பாக மணக்கும். ஆனால் கல்லீரலைத் தின்றுவிடும்.

1914இன் கடைசி மாதங்களில், இதே ஹெண்டனில், ஒரு விமானத் தொழிற்சாலையில் டோப் பூசுகிறவர்கள் வரிசையாகப் படுத்தார்கள். முதலில் தலைவலி, அசதி, பசியின்மை, குமட்டல், மலச்சிக்கல். அப்புறம் கண் மஞ்சளானது. சிலர் நினைவிழந்து இறந்தார்கள். ஆராய வந்தவர் வில்லியம் வில்காக்ஸ் என்ற மருத்துவர். 1910இல் லண்டனையே உலுக்கிய கிரிப்பன் கொலை வழக்கில் சடலத்தில் ஹையோசின் விஷம் இருப்பதைக் கண்டுசொன்னவர் அவர்தான். டோப்பின் ஆவியையும் அதன் பகுதிப்பொருள்களின் ஆவியையும் தனித்தனியாக எலிகளைச் சுவாசிக்கவைத்துப் பார்த்தார். டெட்ராகுளோரோஈத்தேன் பட்ட எலிகளின் கல்லீரல் கெட்டிருந்தது. ஜெர்மனியின் விமானத் தொழிற்சாலைகளிலும் அதே காலத்தில் இதே நோய் வந்தது. இரண்டு பக்கமும் ஒரே விஷத்தைத்தான் பூசிக்கொண்டிருந்தார்கள்.

மாற்று இல்லாமல் இல்லை, அசிட்டோன் இருந்தது. ஆனால் பீரங்கி வெடிமருந்தான கார்டைட் செய்யவும் அசிட்டோன் வேண்டும், போரில் அதற்குத் தட்டுப்பாடு. டெட்ராகுளோரோஈத்தேன் இல்லாத டோப்புக்கு பிரிட்டன் மாற 1916 வாக்கில் ஆகிவிட்டது. அதுவரை பூசியவர்களில் பெண்கள் நிறைய. அவர்கள் பெயர் எந்த விமானத்தின் மேலும் எழுதப்படவில்லை, அது எனக்கு இன்றும் மனதைப் பிசைகிறது.

இந்தக் கதையில் எங்கள் தொழிலுக்கு இன்றும் உதவுகிற ஒரு விஷயம் உண்டு. டெட்ராகுளோரோஈத்தேன் ஆவி காற்றைவிட ஏறக்குறைய 6 மடங்கு கனமானது. அசையாத காற்றில் தரையோடு தங்கும். அதனால் டோப் பூசும் அறைகளில் காற்றைத் தரைமட்டத்திலிருந்து உறிஞ்சி வெளியேற்றச் சொன்னார்கள். நம் ஊர்ப் பெயின்ட் ஷாப்களில் எக்ஸாஸ்ட் ஃபேனை எங்கே மாட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் கூரைக்கு ஒட்டி. தின்னரில் இருக்கும் டொலுவீன், சைலீன் ஆவிகளும் காற்றைவிடக் கனமானவைதான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞரை என்னிடம் அனுப்பினார்கள். ரெக்சின் கோட்டிங் யூனிட்டில் காண்ட்ராக்ட் வேலை. மஞ்சள் காமாலை, வயிற்றுவலி. ஊரில் கீழாநெல்லி கொடுத்திருந்தார்கள். ஒரு மருத்துவமனையில் தண்ணீரால் வந்திருக்கும் என்றார்கள். வைரஸ் பரிசோதனைகள் எல்லாம் நெகட்டிவ் என்று வந்ததும், குடிதான் காரணம் என்று எழுதிவிட்டார்கள். அவர் அழாத குறையாகச் சொன்னார்: “சார், முன்னாடி எப்பவாவது குடிப்பேன். இந்த வேலைக்கு வந்ததுலேருந்து ஒரு மடக்கு குடிச்சாலே மூஞ்சி செவந்து எரியுது, அதனால விட்டுட்டேன்.”

அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. டைமெத்தில் ஃபார்மமைடு, தொழிலில் டி.எம்.எஃப். என்பார்கள், பாலியூரித்தேன் கோட்டிங்கில் ஓடுகிற கரைப்பான். கல்லீரலைக் கெடுக்கும். அது உடம்பில் இருக்கும்போது மது பட்டால் முகம் சிவந்து எரியும். மூக்கு வழியாக மட்டுமல்ல, தோல் வழியாகவும் உள்ளே போகும். அவர் ஷிஃப்ட் முடிந்ததும் அதே திரவத்தில்தான் கை கழுவிக்கொண்டிருந்தார். முகத்துக்குக் கைக்குட்டை. கைக்குட்டையோ துணி மாஸ்க்கோ ஆவியை நிறுத்தாது, கரி நிரப்பிய கார்ட்ரிட்ஜ் மாஸ்க் வேண்டும். கைக்கும் கிடைத்த ரப்பர் உறை எல்லாம் உதவாது, அந்தக் கரைப்பானுக்கென்று சொல்லப்பட்ட வகையாக இருக்க வேண்டும்.

மருத்துவ நண்பர்களுக்கு ஒன்று. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், அறிவிக்க வேண்டிய நோய்களில், நச்சுப்பொருளால் வரும் மஞ்சள் காமாலையும் இருந்தது. அதைக் கண்ட மருத்துவர் தலைமை ஆய்வாளருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று 89ஆம் பிரிவு சொன்னது. புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் அந்தக் கடமை தொடர்கிறது. பலர் எழுதுவதில்லை, நோயாளியின் வேலை போய்விடுமே என்ற பயத்தில். பயம் புரிகிறது. ஆனால் எழுதாவிட்டால் அவர் இடத்துக்கு வரும் அடுத்த பையனும் அதே கரைப்பான் டிரம் முன்னால்தான் நிற்பான்.

நான் எழுதினேன். ஆய்வாளர் போய்ப் பார்த்தார். அந்த யூனிட்டில் ஃபேன் கீழே இறங்கியது, கை கழுவச் சோப்பும் குழாயும் வந்தன. இளைஞரை அந்தப் பகுதியிலிருந்து மாற்றினார்கள், இரண்டு மாதத்தில் கல்லீரல் பரிசோதனை இயல்புக்கு வந்தது. கடைசியாக வந்தபோது போனில் ஒரு படம் காட்டினார். தன் நண்பன் வேலை செய்கிற வேறொரு யூனிட்டின் டிரம், லேபிள் தெளிவாகத் தெரியும்படி எடுத்திருந்தார். “இதுல என்ன இருக்குன்னு பாருங்க சார், அவனுக்கும் பசியே எடுக்க மாட்டேங்குதாம்.”